ஐஸுக்கு அடியில் முளைப்பாரி

கல்லங்குறிச்சிக்குப் பக்கத்தில், சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளத்துத் தண்ணீரில் முளைப்பாரியை விடும்போது, பாக்யலட்சுமி பித்தளைச் சட்டியையும் சேர்த்து விட்டுவிட்டாள். கல்யாணச் சீராக வந்தது, பேர் வெட்டிய சட்டி. அது முங்கிப்போனது.

வீட்டுக்கு வந்ததும் கனடாவிலிருந்து புருஷன் தமிழ்மாறன் வீடியோவில் கூப்பிட்டான். அங்கே உறைந்த ஏரிமேல் லாரி ஓட்டுகிறான். அந்த ஐஸ் உடையக்கூடாது என்பதுதான் அவள் வேண்டுதல்.

“பாரு பாக்யா, அக்கரையே தெரியல. ஆதிகாலத்துல மலையாட்டம் பனிப்பாளம் நகந்து நகந்து தோண்டுன ஏரி. நடுவுல அறுநூறு மீட்டர் ஆழமாம். ஐஸு கண்ணாடியாட்டம் இருக்கு!”

பெருமையாகப் போனைக் கீழே திருப்பினான்.

“அப்படியே வச்சிருங்க,” என்றாள்.

லாரிச் சக்கரத்துக்கு நேர் கீழே, தண்ணீருக்குள் சட்டி நின்றது. அவள் பேர் தெரிந்தது. முளைப்பாரி நெடுநெடுவென்று வளர்ந்து, ஐஸைத் தலையால் தாங்கிக்கொண்டிருந்தது.