மூணும் பொண்ணு

“புள்ளையைக் குடுங்க அம்மணி” என்று அங்கப்பன் மறுபடியும் கையை நீட்டினார். ஹுமேரா கொடுக்கவில்லை. துண்டில் சுற்றிய அவருடைய பேரனை மார்போடு இறுக்கிக்கொண்டு சுவரோரமாகப் பின்வாங்கினாள்.

வெள்ளத்துக்குப் பயந்து கொடுமுடிக் கல்யாண மண்டபத்தில் ஒதுங்கியிருந்த சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அந்தக் குழந்தையை ஹுமேராவின் மடிக்குக் கொண்டுபோனது கனிஷ்காதான்.

முந்தின நாள் காவிரி தோட்டத்துக்குள் ஏறியபோது அங்கப்பனின் மருமகள் அக்ஷயாவைப் பாம்பு கடித்துவிட்டது. மகன் அருள்குமார் ஆம்புலன்சில் அவளோடு ஈரோட்டுக்குப் போனான். மாடு பிடிக்கவும் மடை திருப்பவும் மட்டுமே பழகிய கையில் பச்சைப் பிள்ளையை ஏந்திக்கொண்டு அங்கப்பன் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்.

கனிஷ்கா அங்கன்வாடி உதவியாளர். வெள்ளம், புயல் சமயத்தில் கைக்குழந்தைகளின் பசியைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று போன மாதம்தான் அவளுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அங்கே பழகியது பொம்மையை வைத்து. பொம்மை அழவில்லை. இது அழுது அழுது குரல் தேய்ந்து, பூனைக்குட்டி மாதிரி முனகிக்கொண்டிருந்தது.

யாரோ பால்மாவு டின்களை இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். மண்டபத்துக் குழாயில் வந்ததோ செந்தண்ணீர். சோறே வெளியிலிருந்து பொட்டலமாக வந்தது, காய்ச்ச ஓர் அடுப்பு இல்லை. அந்தத் தண்ணீரில் மாவைக் கரைத்தால் பிள்ளை பேதியிலேயே போய்விடும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். டின்களை மேடைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, பால் கொடுக்கும் தாய் யாராவது உண்டா என்று தேடினாள்.

கிடைத்தவள் ஹுமேரா. அம்மா வீட்டுக்கு வந்த இடத்தில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவள், புருசன் கோயமுத்தூரில். கைக்குழந்தையோடு சேர்த்து மூன்று பெண் பிள்ளைகள். கனிஷ்கா நர்சிடம் போனில் கேட்டு, தொற்று எதுவும் இல்லையென்று ஹுமேராவின் பிரசவ அட்டையையும் பார்த்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தாள்.

அங்கப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாதிக்குள் எந்தக் குலம், என்ன கூட்டம் என்று கேட்டு முறை வைக்காமல் யாரோடும் அவருக்குப் பேச வராது. கனிஷ்காவும் தன் கூட்டமே என்று தெரிந்ததும், அந்த இக்கட்டிலும், அப்படியென்றால் என் பையனுக்கு நீ தங்கச்சி, கட்டிக்கிற முறையில்லை என்று சொல்லியிருந்தார். சாயபு வீட்டுப் பெண்ணின் பாலுக்கு என்ன முறை வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பிள்ளையின் முனகலும் நின்றுபோனபோது, பயந்து, அவரே எடுத்து நீட்டினார்.

ஹுமேரா உடனே வாங்கவில்லை. பையனா பொண்ணா என்று கேட்டாள். தள்ளிப்போய்ப் புருசனுக்குப் போன் போட்டுத் தணிந்த குரலில் பேசினாள்.

“பையன்தாங்க. நமக்கு மூணும் பொண்ணாச்சே, அதான் கேட்டுக்கறேன்.”

அதற்குப் பிறகுதான் மடியில் போட்டாள். பிள்ளை குடித்தது. அன்று முழுக்கக் குடித்தது, மறுநாள் காலையிலும் குடித்தது.

இப்போது அந்தப் பேச்சு கனிஷ்காவின் காதுக்குள் திரும்பி வந்தது. மூணும் பொண்ணு. கையில் பையன்.

வாசலில் டெம்போ உறுமிக்கொண்டு நின்றது. அக்ஷயா பிழைத்துக்கொண்டாள், பால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று பிள்ளையைக் கூட்டிப்போக அருள்குமார் வந்திருந்தான். தூங்காத கண் சிவந்திருந்தது.

ஊர் என்ன, பிள்ளையின் அப்பன் பேரென்ன, அவனைப் பெத்த அப்பாரு பேரென்ன, எல்லாம் சொல்ல வேண்டும், முகம் தெரிய ஒரு போட்டோவும் எடுக்க விட வேண்டும், அப்போதுதான் தருவேன் என்றாள் ஹுமேரா. பேரும் போட்டோவும் கிடைத்தால் நாளைக்குத் தன் பிள்ளை என்றே காகிதம் பண்ணிவிடுவாள் என்று யாரோ சொன்னார்கள். பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றி அந்த வாரம் எல்லார் போனிலும் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவர் போய் மண்டபத்துக் கதவைச் சாத்தினார்.

அங்கப்பன் மடியிலிருந்த பணத்தை அப்படியே எடுத்து நீட்டினார்.

“நானென்ன பால் சொசைட்டிங்களா?” என்றாள் ஹுமேரா. பணத்தைப் பார்க்கக்கூட இல்லை.

அருள்குமார் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். “பொம்பளைன்னு பாக்கறேன். புள்ளையைக் குடு.”

பேச்சிலிருந்து மரியாதை போய்விட்டது. அடுத்தது அடிதான் என்று கனிஷ்காவுக்குத் தெரியும். ஹுமேராவின் மூத்த பெண்கள் இரண்டு பேரும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். பயிற்சியில் இதற்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. கனிஷ்கா இருவருக்கும் நடுவில் புகுந்து நின்றாள்.

குடு குடு என்றார்களே ஒழிய, எதற்கு என்று அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அவள் கேட்டாள்.

“எதுக்குங்கக்கா ஊரு பேரெல்லாம்?”

“சொன்னாச் சிரிப்பீங்க.” ஹுமேராவும் பயந்துதான் போயிருந்தாள். “எம் பாலைக் குடிச்சுப்போட்டானுங்க. எங்க மார்க்கத்துல இவன் இனி இந்த மூணுக்கும் கூடப்பொறந்த தம்பி. வண்டியேறிப் போயிட்டா நீங்க யாரோ, நாங்க யாரோ. நாளைக்குக் காலேஜுல பாத்துப் பிடிச்சுப்போயி, இவனே எங்க ஊட்டுக்கு மாப்பிள்ளையா வந்து நின்னா நான் என்னங்க பண்றது?”

அங்கப்பன் மகனின் கையைத் தட்டிவிட்டார்.

“ஊரும் பேரும் மட்டும் பத்தாதுடா அருளு, நம்ம கூட்டத்தையும் சேத்துச் சொல்லு.”