திறக்காத கத்தி

“இன்னும் ரெண்டு தட்டு சேர்த்துத் தட்டிடுங்க பாய். கத்தி திறக்கவே கூடாது.”

கலைமகள் சொன்னதைக் கேட்டு கலந்தர் பாய் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். மன்னார்குடி கடைத்தெருவில் பூட்டு, குடை, கத்திரிக்கோல் என்று எது வந்தாலும் சரி பண்ணிக் கொடுக்கிறவர் அவர். கெடுத்துக் கொடுங்கள் என்று ஒருத்தி வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

“தங்கச்சி, இது உங்க மாமனார் கொடுத்துட்டுப் போன கத்தி. ஆணி தளர்ந்து ஆடுது, ஆட்டத்தை எடுத்துக் கொடுன்னாரு. நீங்க இப்படிச் சொல்றீங்க.”

“நாளைக்கு என் புள்ளைக்கு முடி இறக்குறாங்க பாய். முதல் முடியை இந்தக் கத்தியாலதான் எடுக்கணுமாம்.”

மாமனார் பஞ்சநதத்தின் தாத்தா பினாங்கிலிருந்து கொண்டுவந்த மடக்குச் சவரக்கத்தி. அந்த வீட்டில் பிறந்த அத்தனை தலையிலும் முதலில் பட்டது அதுதான். பட்ட அடையாளம் கலைமகளின் புருஷன் அரவிந்தனுக்குக் காதுக்கு மேலே இன்னும் தழும்பாக இருக்கிறது. அதையும் பெருமையாகக் காட்டுகிற குடும்பம், என்னத்தைச் சொல்ல.

“நீங்க சொல்லிப் பாக்கலியா?”

“சொன்னேனே. ‘பயமா இருக்கு மாமா, புது பிளேடுல எடுத்துடலாமே’ன்னு பங்காளிங்க எல்லாரும் உக்காந்திருக்கும்போது வாயை விட்டுட்டேன். ‘இந்தக் கத்தி படாம என் பேரன் தலையில ஒரு முடி இறங்காது’ன்னு குதிச்சுட்டாரு. எங்க வீட்டுக்காரர் பாட்டுக்கு முறுக்கு தின்னுக்கிட்டிருந்தாரு.”

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பதினோரு மாசக் குழந்தை, ஒரு நொடி சும்மா இருக்காது. அந்தத் தலையில் இந்தத் துருப்பிடித்த கத்தியா?

கலந்தர் பாய் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரி, அழாதீங்க. போங்க, நான் பாத்துக்கறேன்” என்றார்.

மறுநாள் அய்யனார் கோயிலில் பங்காளிகள் கூட்டம். தாய்மாமன் மடியில் குழந்தை. வருகிற வழியிலேயே பாய் கடையில் கத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்திருந்த பஞ்சநதம், துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கத்தியைத் திறக்கப் போனார்.

திறக்கவில்லை.

கட்டை விரலால் தள்ளிப் பார்த்தார். பல்லைக் கடித்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. கலைமகள் அந்தப் பக்கமே திரும்பாமல் அய்யனாரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இப்படிக் கொடு, நான் பாக்கறேன்” என்று ஒரு பங்காளி கை நீட்டினார்.

“உடைஞ்சு கிடைஞ்சு போச்சுன்னா? தலைமுறைப் பொருள்யா” என்று பஞ்சநதம் கத்தியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். “ஆட்டத்தை எடுடான்னா ஆணியை அடிச்சு நாசம் பண்ணி வெச்சிருக்கான் கலந்தர். அவனெல்லாம் ஒரு தொழில்காரனா?”

ஊரே கேட்கத் திட்டி முடித்துவிட்டு, முடி எடுக்க வந்திருந்த துரைக்கண்ணுவிடம் சலித்துக்கொண்டார். “நல்ல நேரம் போகுது. உன் பிளேடாலயே எடுப்பா. வேற என்ன பண்றது, தலையெழுத்து.”

துரைக்கண்ணு புது பிளேடு மாட்டி வேலையை முடித்தார். ஒரு கீறல் இல்லை. சந்தனம் பூசின மொட்டையோடு குழந்தை எல்லாரையும் பார்த்துச் சிரித்தது.

கலைமகளுக்குத்தான் மனசு ஆறவில்லை. தன்னால் ஒரு நல்ல மனுஷன் பேர் இப்படிக் கெட்டுப்போச்சே என்று உறுத்தியது. சாயங்காலமே சர்க்கரைப் பொங்கலைத் தூக்கில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்.

“மன்னிச்சிடுங்க பாய். நான் சொல்லித்தான் இறுக்கினீங்க. மாமா உங்களைக் கண்டபடி திட்டிட்டாரு.”

கலந்தர் பாய் விழித்தார்.

“நான் எங்க தங்கச்சி இறுக்கினேன்? உங்ககிட்ட சரின்னு சொல்லிட்டேனே தவிர, வந்த பொருளைக் கெடுக்கக் கை வரல. ஆட்டத்தை மட்டும்தான் எடுத்தேன். காலையில உங்க மாமனார் இங்கேயே நின்னு நாலஞ்சு தடவை திறந்து மூடிப் பாத்தாரு. ‘விரல் பட்டாலே திறக்குது, நீதான்யா தொழில்காரன்’னு முதுகுல தட்டிக் கொடுத்துட்டுல்ல போனாரு.”