ஏழாம் வகுப்பு நண்பன்

"ஏழாவது படிக்கிற மூஞ்சியாடா இது?"

லிஃப்ட் மெக்கானிக், அந்த ஆளின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார். வழுக்கைத் தலை, நரைத்த மீசை. கையில் மட்டும் பூனைப் படம் போட்ட உறை மாட்டிய செல்போன்! சின்னப் பிள்ளை வேஷத்தைப் பார், தூ!

நூலக வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆள் தப்பிவிடாதபடி மெக்கானிக்கின் மச்சான் பின்னால் மறித்து நின்றான்.

மெக்கானிக்குக்கு ஒரே மகள், பன்னிரண்டு வயது. போன வாரம் அவளுடைய போனில் எவனோ, "எந்த ஸ்கூல்? போட்டோ அனுப்பேன்" என்று கேட்டிருந்தான். பார்த்தால் எந்தத் தகப்பனுக்குத்தான் ரத்தம் கொதிக்காது?

"கேம் விளையாடறப்போ பழக்கம்ப்பா. அவனும் ஏழாவதுதான்" என்று அழுதாள் மகள்.

"அப்படித்தான்டி சொல்வானுங்க! ஸ்கூல் மீட்டிங்ல உங்க டீச்சர் தலைதலையா அடிச்சுக்கிட்டாங்களே!"

போனைப் பிடுங்கிக்கொண்டார். மகள் எழுதுவதுபோல அவரே இனிக்க இனிக்க எழுதி, நேரில் பார்க்க வரச் சொன்னார். ஒரு நாள் முழுக்கச் சத்தமே இல்லை. மறுநாள், வழக்கமான சிரிப்புப் பொம்மைகள் ஒன்றுகூட இல்லாமல், "வருகிறேன். இடத்தைச் சொல்" என்று பதில் வந்தது.

வசமாக மாட்டிக்கொண்டான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தவர் அவர். இப்போது விடுவாரா?

"வாயைத் தொறடா! எத்தனை பிள்ளைங்களை இப்படி ஏமாத்தினே?"

"முதல்ல கையை எடு. யாரு நீ?"

"அந்தப் பொண்ணோட அப்பன்டா! ஒரு வாரமா உன்கூட சாட் பண்ணினது நான்தான்!"

திமிறிக்கொண்டிருந்த ஆள் சட்டென்று அசையாமல் நின்றார்.

"நீயா?" என்றார். "என் பையன் ரெண்டு நாளா சாப்பிடல, ஸ்கூலுக்குப் போகல. நடுங்கிக்கிட்டே எங்கிட்ட வந்து இந்தப் போனைக் காட்டினான்."

சொல்லிக்கொண்டே மெக்கானிக்கின் காலரை எட்டிப் பிடித்தார்.

"‘வீட்ல சொல்லாம தனியா வா’ன்னு சின்னப் பையனைக் கூப்பிட்ட நாய் நீதானா?"