பூச்சி மேய்ந்த கடைசிப் பக்கங்கள்

நூலகத்தின் மேல்தட்டில் ஒரு பழைய பொருளாதாரப் புத்தகம் இருந்தது. தன்னை எழுதிய தாண்டவமூர்த்தி காலமான பிறகும் அவரை யாராவது மேற்கோள் காட்டுகிறார்களா என்று அதற்கு ஓயாத கவலை. புதுப் புத்தகம் வந்தால் போதும், பக்கத்தில் குடியிருந்த பூச்சியை அனுப்பிவிடும். பூச்சியும் கடைசியில் இருக்கும் பெயர்ப் பட்டியலை மட்டும் மேய்ந்துவிட்டு வரும்.

“இதிலயும் அவர் பேர் இல்லை, பெரியவரே.”

“மறந்தே போயிட்டாங்க!” என்று பொருமியது புத்தகம்.

“பசி அடங்கலை, முதல் பக்கத்தையும் கடிக்கப் போனேன். ‘சந்தையில் வதந்தியும் ஒரு சரக்குதான்’னு ஆரம்பிக்குது.”

“அது அவர் எழுதினதாச்சே! யார் சொன்னதுன்னு போட்டிருக்கு?”

“‘எல்லோருக்கும் தெரிந்ததே’ன்னு போட்டிருக்கு.”

பழைய புத்தகம் மெல்லச் சொன்னது:

“அந்த வரியை மட்டும் தின்னாம விட்டுவை.”