குழாய்க்குள் இருந்தது

குச்சி முழுதாக உள்ளே போகவில்லை.

சுடுதளத்தில் நின்ற வால்ட் அதை எடுத்துவிட்டு மறுபடியும் விட்டுப் பார்த்தார். துப்பாக்கியின் வாய் வழியே இறங்கிய குச்சி, கறுப்புக் கோடு போட்ட இடத்தில் நின்றுகொண்டது. குழாய் காலி என்றால் இன்னும் மூன்று விரல் இறங்கியிருக்க வேண்டும்.

அந்தக் கோட்டைப் போட்டதே அவளுடைய வீட்டுக்காரர்தான். கோட்டோடு நின்றால் உள்ளே கரிமருந்தும் குண்டும் இருக்கின்றன என்று அர்த்தம்.

செத்து எட்டு மாதம் ஆன மனுஷன், நிறைத்த துப்பாக்கியைக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் அவள் தினமும் காபி குடித்தாள்.

"அப்பாவா?" என்றாள் மகள் வானதி.

நம்ப முடியவில்லை வானதிக்கு. பன்னிரண்டு வயதில் அவளைச் சுடப் பழக்கியவர், நிறைத்த துப்பாக்கி வாசற்படி தாண்டக் கூடாது என்று சோற்றில் கை வைக்கும்போதும் பாடம் எடுத்தவர்.

அவர் கடைசியாகச் சுட வந்த சனிக்கிழமை இடியும் மழையுமாக வந்து எல்லோரும் அடித்துப் பிடித்துக் கிளம்பினார்கள் என்று வால்ட் நினைவுபடுத்தினார். துப்பாக்கிச் சங்கத்தின் இந்தச் சுடுதளத்துக்கு வால்ட்தான் பொறுப்பு. அடுத்த சனிக்கிழமை வருவதற்குள் அவள் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து கதை முடிந்துபோனது.

வாங்க வந்தவர் சற்றுத் தள்ளித் தன் வண்டியில் காத்திருந்தார். துப்பாக்கி, பெட்டி, சாமான் எல்லாம் சேர்த்து இன்றைக்கே கொண்டுபோகிறார். ஒழியட்டும் என்று சொன்னது அவள்தான்.

சொல்லமாட்டாளா பின்னே? ஒஹாயோவுக்கு வந்த நாளிலிருந்து ஒரு சனிக்கிழமை அவளுடையதாக இருந்ததில்லை. அப்பனும் மகளும் சுட்டுவிட்டு வந்து, சமையலறைத் தொட்டியில் வெந்நீர் ஊற்றிக் குழாயில் படிந்த கரிமருந்தைக் கழுவுவார்கள். முட்டை வாங்காத வீட்டில் அழுகல் முட்டை நாற்றம். குண்டைச் சுற்றும் துணிக்குத் தடவத் தேங்காய் எண்ணெய் வைத்திருந்தார். குளிரில் அது உறைந்துபோகவே, அவளுடைய நல்லெண்ணெயில் கை வைத்தார்.

துணியும் நூல் துணிதான் ஆகுமாம். பழைய வேட்டிகளை வட்டம் வட்டமாகக் கத்தரித்தார். வேட்டி தீர்ந்த பிறகு எதைக் கத்தரித்தார் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

திருகுக் கம்பியை விட்டுக் குண்டை இழுத்துவிடலாம், இல்லையென்றால் எதிரே இருக்கும் மண்மேட்டைப் பார்த்துச் சுட்டுவிடலாம் என்றார் வால்ட். குச்சி கோட்டில் சரியாக நிற்கிறது, அவள் புருஷன் போட்ட அளவில் தனக்குச் சந்தேகமே கிடையாது என்றார்.

வானதி கை நீட்டினாள்.

"நீ இரு. அவர் போட்டு வச்சது. நான் சுடறேன்" என்று மகளைத் தடுத்தாள் அவள்.

இத்தனை வருஷத்தில் அவள் அதைத் துடைத்திருக்கிறாள், திட்டியிருக்கிறாள். சுட்டதில்லை.

வானதி அவள் காதை அடைத்தாள், கண்ணாடி மாட்டிவிட்டாள், கட்டையைத் தோளில் அழுத்திவைத்தாள். மருந்தைப் பற்றவைக்கும் 'கேப்' என்ற சின்ன மூடியைப் பொருத்திவிட்டு விலகிக்கொண்டாள்.

அவள் விசையை இழுத்தாள்.

தோளில் ஒரு குத்து. எதிரே வெள்ளைப் புகை. அதே அழுகல் முட்டை வாடை.

அவளுக்கு அழுகை வந்தது. துப்பாக்கியை வால்ட் கையில் கொடுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே அழுதாள். எட்டு மாதமாக வராத அழுகை.

வால்ட் முன்னால் நடந்து போய்த் தரையிலிருந்து எதையோ பொறுக்கிவந்தார். குண்டோடு வெளியேறிய துணி. கிழிந்ததா, கருகியதா என்று அதைப் பார்த்துத்தான் இவர்கள் சுட்டவனுக்கு ஜாதகம் சொல்வார்கள்.

ஒரு கிழிசல் இல்லை. எங்கே வாங்கிய துணி என்று மூன்று வருஷமாகக் கேட்டும் உன் புருஷன் வாயைத் திறக்கவில்லை, சிரித்தே மழுப்பிவிட்டான் என்றார் வால்ட்.

அவள் கட்டைவிரலால் கரியைத் தேய்த்தாள்.

அரக்கு. அதில் வெள்ளைப் புள்ளிகள், வரிசையாக.

வானதி பிறந்தபோது அவளுடைய அம்மா சின்னாளபட்டியில் தனக்கு எடுத்துக் கொடுத்த சுங்குடிப் புடவை.

அலமாரியிலிருந்து அது காணாமல் போய் மூன்று வருஷம். அப்போதுதான் நாத்தனார் மரகதம் திண்டுக்கல்லிலிருந்து வந்து தங்கிப் போயிருந்தாள். எடுத்தாயா என்று இவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. போனில் ஜாடைமாடையாகக் குத்தினாள். மரகதத்துக்குப் புரிந்தது. பேச்சு நின்றது. சாவுக்கு மரகதம் அழுதுகொண்டே கூப்பிட்டபோதுகூட வானதிதான் பேசினாள்.

இவ்வளவும் நடக்க, அந்த மனுஷன் பக்கத்திலேயே உட்கார்ந்து ரசம் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பழி விழுந்தது கூடப் பிறந்தவள் மேல். பாவி, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெட்டிக்குள் ஒரு தகர டப்பா இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு என்று அவள் தொடாத டப்பா. இப்போது திறந்தாள். நல்லெண்ணெய் மணந்தது. அரக்கு வட்டங்கள், குட்டி அப்பளம் போல, அடுக்கி அடுக்கி.

வானதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

வாங்க வந்தவர் வண்டியிலிருந்து இறங்கி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார்.

"அவரைப் போகச் சொல்லுடி" என்றாள் அவள். "அரைப் புடவை இன்னும் பாக்கி இருக்கு. அது தீரட்டும், அப்புறம் விக்கலாம்."

டப்பாவிலிருந்து ஒரு வட்டத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

திண்டுக்கல்லில் இப்போது மணி என்ன என்று கேட்டாள்.