குண்டூசியின் பங்கு

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்க அறையில் தொங்கிய கிழட்டு டியூப் லைட்டுக்கு நாலு பேர் சமாசாரம் தெரியாவிட்டால் இருப்புக் கொள்ளாது. கீழே மேசையில் மூன்று மனுக்கள் கிடந்தன: மொட்டைமாடி சோலாருக்கு மானியம், கரண்ட் குறைவாக இழுக்கும் புது மோட்டாருக்கு மானியம், குறைந்த வட்டிக் கடன். கரண்ட் பில் கட்டி மாளாமல் லிஃப்டையே நிறுத்தப்போவதாகப் பேச்சு. நாலாம் மாடி முழங்கால்வலிக்காரர்கள் கலங்கிப்போயிருந்தார்கள்.

"போன மாசமே ஆபீசுக்குப் போனீங்களே, என்னாச்சு?" என்றது லைட்.

"தனித்தனியாத்தான் போனோம். 'மீதிப் பணத்துக்கு என்ன வழி?'ன்னு எங்க ரெண்டு பேரையும், 'எதை வச்சு அடைப்பீங்க?'ன்னு கடனையும் கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க," என்றது சோலார் மனு.

"மூணு பேரும் சேர்ந்து போறதுதானே?"

"கடனோடயா? என் மரியாதை என்னாகுறது?"

"இனாம் வாங்குறவங்களோட நானா?" என்று சீறியது கடன் மனு. மோட்டார் மனு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாள் சங்கச் செயலாளர் தில்லைநாயகி மூன்றையும் அடுக்கி, ஒரே குண்டூசியால் குத்தினார். "ஐயோ!" என்று அலறியபடியே மூன்றும் ஒன்றாகப் போயின.

மழைக்காலத்துக்கு முன்பே மொட்டைமாடியில் தகடுகள் மின்னின. புது மோட்டார் வந்தது. லிஃப்ட் நிற்கவில்லை. கோப்போடு திரும்பி வந்த குண்டூசியிடம் லைட் ஆர்வம் தாங்காமல் கேட்டது: "அவங்க மூணு பேரும் அவ்வளவு கொடுத்தாங்களே, நீ என்ன கொடுத்தே?"

"ஆளுக்கொரு ஓட்டை," என்றது குண்டூசி.