ஈப்புலியின் முகம்

முதல் பரிசுப் படத்தின் முன்னால் நின்ற எட்மண்டுக்கு வயிறு எரிந்தது.

படத்தில் ஓர் ஈப்புலி. சுவரிலும் ஜன்னல் கம்பியிலும் பதுங்கியிருந்து, ஈயைக் கண்டால் பாய்ந்து பிடிக்கிற குட்டிச் சிலந்தி. நெல்மணி அளவுகூட இருக்காது. இங்கே அது பூனைக்குட்டி அளவுக்குப் பெரிதாகி, முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கிக்கொண்டு, இரண்டு பெரிய கண்களாலும் எட்மண்டையே பார்த்தது.

இரண்டு வருடமாக அவன் தவம் கிடந்தது இந்த முகத்துக்குத்தான்.

லீவு நாளெல்லாம் சிட்லபாக்கம் வீட்டில் ஸ்டூல் மேல் ஏறினான், கட்டிலுக்கடியில் தவழ்ந்தான். பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய பிலிம் ரோல் ரோலாகத் தீர்ந்தது. கிடைத்ததெல்லாம் ஈப்புலியின் பின்பக்கம். அதுவும் குதித்துப் போகிற பின்பக்கம்.

"உங்க மூச்சு மேல படுதுங்க, அதான் ஓடுது" என்று அவன் மனைவி யூனிஸ் ஒருமுறை சொன்னாள்.

எட்மண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்படியில் இருக்கிறவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? கேமராப் பக்கமே வராதே என்று சொல்லி அதை பீரோவில் வைத்துப் பூட்டினான். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொள்ளாத குறைதான்.

தாம்பரம் போட்டோ கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. கண்காட்சியில் படத்துக்குக் கீழே பெயர் போட மாட்டார்கள், நம்பர் மட்டும்தான். ஜட்ஜ் பார்த்துப் பரிசுச் சீட்டை ஒட்டி, எல்லோரும் காபி குடித்து முடித்த பிறகுதான் செக்ரட்டரி மைக்கைப் பிடித்துப் பெயரைச் சொல்வார்.

எட்மண்டுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டு பத்ரிநாராயணன், பெண்ணுக்கு நல்ல வரன் அமைந்த அப்பாவைப் போல, அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே நின்று வருவோர் போவோரிடமெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார். கிட்டத்தில் வைத்துப் படமெடுக்கிற லென்ஸ் ஒன்றைப் போன மாதம்தான் வாங்கியிருந்தார். ஸ்கூல் வாத்தியார். மூன்றரைக்கெல்லாம் வீட்டில் இருக்கிற மனுஷர். எட்மண்ட் பீச் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் தொங்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வெளிச்சம் கிடைக்கிறவர் எடுக்கிறார், இதில் என்ன பெரிய திறமை என்று மனதைத் தேற்றிப் பார்த்தான்.

மனது தேறவில்லை. குறையாவது கண்டுபிடிக்கலாம் என்று மூக்கு இடிக்கிற தூரத்துக்குப் போனான்.

அப்போதுதான் ஈப்புலி உட்கார்ந்திருந்த துணி கண்ணில் பட்டது.

வெள்ளைத் துணி. அதில் நூலால் போட்ட ஒரு சின்னப் பூ. நாலே இதழ்தான். ஐந்தாவது இதழ் இருக்க வேண்டிய இடத்தில், கருகின ஓட்டை ஒன்றைக் கோணல் தையலால் மூடியிருந்தது.

அது அவனுடைய தலையணை உறை. இஸ்திரிப் பெட்டியிலிருந்து தணல் விழுந்து அவனே பொசுக்கியது. யூனிஸ் திட்டிக்கொண்டே தைத்துக் கொடுத்தது. அந்தத் தையலின் முடிச்சு இன்றைக்குக் காலையில்கூட அவன் கன்னத்தில் உறுத்தியது.

பத்ரிநாராயணன். கேமராவோடு. என் படுக்கையறையில்.

ஈப்புலி முகம் காட்டுகிற வரைக்கும் அசையாமல் காத்திருக்க வேண்டும். இந்த ஆள் எவ்வளவு நேரம் காத்திருந்தார்? அதுவரைக்கும் யூனிஸ் எங்கே இருந்தாள்?

திரும்பிப் பார்த்தான். பத்ரிநாராயணனின் மனைவி பாலாம்பாளுக்குப் பக்கத்து நாற்காலியில் யூனிஸ் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டுகிற பட்டுப்புடவை. எத்தனை தடவை கூப்பிட்டும் கிளப்புக்கு வராதவள், இன்றைக்குத் தானாகவே கிளம்பி வந்திருக்கிறாள். அவன் பார்க்கிறான் என்று தெரிந்ததும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அது போதும் அவனுக்கு. பாலாம்பாள் வேறு அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்திருந்தாள். பாவம், ஒன்றும் தெரியாத ஜென்மம்.

சட்டையைப் பிடித்துக் கேட்டுவிடுவது என்று பத்ரிநாராயணனைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தான். அதற்குள் மைக் கொரகொரவென்றது. செக்ரட்டரி துரைராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பர்ஸ்ட் பிரைஸ், மிஸஸ் யூனிஸ் எட்மண்ட்."

முதலில் கை தட்டியது பத்ரிநாராயணன்தான். தட்டிக்கொண்டே எட்மண்டின் பக்கத்தில் வந்தார்.

"கேமரா மட்டும்தான் சார் என்னோடது. உங்களோடதைத் தொட்டா சண்டை வரும்னு எங்காத்துலேர்ந்து வாங்கிண்டு போனா. ரெண்டே ரெண்டு படம். ரெண்டாவதுல முகம் விழுந்துடுத்து, பாருங்கோ!"

யூனிஸ் எழுந்தாள். மேடையைப் பார்க்கவில்லை, முதலில் அவனைத்தான் பார்த்தாள். கண்ணில் பயம் இருந்தது. அந்தப் பயத்தாலும் அடக்க முடியாத ஒரு சந்தோஷமும் இருந்தது.

எட்மண்டும் கை தட்டினான். சிரிக்கக்கூடச் செய்தான்.

ஒரு நிமிஷம் முன்னால் அவன் நினைத்தது நிஜமாக இருந்திருந்தால் கத்தியிருப்பான், அழுதிருப்பான், பாஸ்டரை வீட்டுக்கு வரவழைத்து ஜெபம் பண்ணச் சொல்லியிருப்பான். என்றைக்காவது ஒருநாள் மன்னித்தும் இருப்பான்.

இதை எப்படி மன்னிப்பது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.